ஆறப் பொறுத்தல்

வியாழன் இரவு பதினொன்று, வில்லிகன்.
புரோட்டான் கற்றை இனி காலைவரை எங்களுடையது.
பகலில் அது மனிதக் கண்ணுக்குள் கட்டியைத் தேடும்.
மிச்ச நேரம்தான் எங்களுக்கு,
அதுவும் மணிக் கணக்கில் வாடகைக்கு.

பலகையில் பன்னிரண்டு நினைவகச் சில்லுகள்.
கடையில் நாலு பிராங்க்.
நடைவழிக் காபி இயந்திரத்துக்குள் இருப்பதும் இதே இனமாக இருக்கலாம்.
விண்வெளிக்கென்றே வார்த்தவற்றை வாங்க
எங்கள் குட்டிச் செயற்கைக்கோளுக்கு வக்கில்லை.
ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.
ஆனால் அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில்
அது உதிரக் கூடாது.

ஒவ்வொன்றிலும் எழுதிவைத்தேன்:
சுழி ஒன்று சுழி ஒன்று
சுழி ஒன்று.
கனத்த கதவை இழுத்துப் பூட்டிச்
சாவியை ரெத்தோவிடம் கொடுத்தேன்.
சாவி வெளியே வந்தால்தான் கற்றை உள்ளே போகும்.

சத்தமில்லை, வெளிச்சமில்லை.
வாசலில் வந்து நிற்பவனின் சட்டையைப் பார்த்து
மழை என்று தெரிந்துகொள்வதுபோல்
திரையில் எண் ஏறுவதைப் பார்த்துத்தான் தெரியும்.
மூன்றாவது சில்லு, நாலாயிரத்துப் பதினேழாம் அறை:
சுழி, ஒன்றாகிவிட்டது.

போன முறை ரெத்தோவுக்கு
என் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினேன், பொற்கொடி.
நடு எழுத்தின் தலையில் என்ன அது, பூச்சியா என்றான்.
புள்ளி. இருந்தால் மெய்,
உதிர்ந்தால் உயிர் வந்து ஏறிக்கொள்ளும்.
"நல்லதுதானே?"
எழுத்துக்கு நல்லது.
பெயர்தான் பிழைக்காது.
அன்றிலிருந்து ஒவ்வொரு பிழைக்கும்
"இன்னொன்றுக்கு உயிர் வந்தது" என்கிறான்.

ஒன்றேகாலுக்கு ஏழாவதில் மின்னோட்டம் பொங்கியது.
பால் வழிவதற்குள் அடுப்பை அணைக்கும் கை
என் நிரலுக்கு இருந்தது, இரண்டு மில்லிநொடி.
மறுபடி மின்சாரம் கொடுத்தோம்.
எழுந்து, ஒன்றும் நடவாததுபோல்
சுழி ஒன்று சுழி ஒன்று என ஒப்பித்தது.
அந்த ஒப்பிப்பைத்தான் நான் நம்பவில்லை.
ஏழின் பெயரை அடித்தேன்.

மூன்று நாற்பதுக்குக் கற்றையை நிறுத்தினோம்.
ரெத்தோ ஆரஞ்சு உரித்தான்.
எண்ணியை அணைக்க மறந்திருந்தேன்.
மூன்று ஐம்பத்திரண்டு: பன்னிரண்டாவது சில்லு.
ஒன்று, சுழியானது.

கற்றை இல்லை.
கம்பியைப் பார்த்தோம், மின்வழங்கியைப் பார்த்தோம்,
பதிவேட்டை இரண்டு தரம் புரட்டினோம்.
ரெத்தோ ஆரஞ்சுச் சுளையால் மேலே காட்டினான்.
மேலே கான்கிரீட். அதற்கு மேலே ஆரெ ஆற்றின் மூடுபனி.
அதற்கும் மேலே
எப்போதோ எங்கோ வெடித்த ஒன்று.
கோடிக் கணக்கில் காசு கொடுத்து அழைத்தோம்,
இது தானாக வந்ததா?
அல்லது தளர்ந்த ஒரு திருகாணி.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
ஒரு புள்ளி வைத்தேன்.
அச்சுப்பிழையா என்று வெரேனா கேட்பாள்,
கேட்கட்டும்.

ஆறு மணிக்கு ஒப்படைக்க வேண்டும்.
பலகையை இப்போது வெறுங்கையால் தொட முடியாது,
அதுவே கதிர் வீசுகிறது.
அளவுகோல் அதனருகே படபடத்தது.
ஈய அலமாரியில் வைத்துத்
தேதிச் சீட்டு ஒட்டினோம்: இன்னும் பதினெட்டு நாள்.
ஆக்கப் பொறுத்தவளுக்கு
ஆறப் பொறுக்கவும் தெரிய வேண்டும்.

நிறுத்தத்தில் ஒருவர் முன்பே இருந்தார்,
ப்ரூக் ஊர்க்காரர், தொப்பி, ஒரு கண் சிவந்து.
தூக்கம் வராமல் முதல் பேருந்திலேயே வந்துவிட்டாராம்.
ஏழு மணிக்கு அவர்தான் முதல் ஆள்.
"இரவெல்லாம் என்ன செய்தீர்கள்?"
எண்ணினோம் என்றேன்.
தலையாட்டினார்.
தனக்கு வேலை அதைவிடச் சுலபமாம்:
ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டுவார்கள்,
அரை நிமிடம், இமைக்காமல் பார்க்க வேண்டும்.

என் பேருந்து கிளம்பியது.
பின் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன்.
பனிக்குள் சுருங்கிக்கொண்டே போகும்
எங்கள் பின்விளக்கை
அவர் அசையாமல் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்.